உன் அப்பாவின் கடைசிச் சொல்லும் நான்கு நற்செய்திகளும்

மகனே,

இந்த வங்காள நகரத்தின் ஒரு கோடியில், சால்ட் லேக்கில், நீ இருக்கிறாய், மறுகோடியில், பேஹாலாவில், நான் இருக்கிறேன். ஒரே ஊரில் இருக்கும் மகனுக்கு அம்மா கடிதம் எழுதுவது நம் வீட்டில் இதுவரை நடந்ததில்லை. ஆனால் போன மாதம் தொலைபேசியில் நீ கேட்டவற்றுக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நீ வைத்துவிட்ட பிறகும் நான் அதைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ அனுப்பும் பாலும் காய்கறியும் தவறாமல் வாசலுக்கு வருகின்றன. கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறேன். பொருள்கள் வந்த பிறகு வீடு முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அமைதியாகிவிடுகிறது. எல்லாரும் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிப் பெண் படியில் பார்க்கும்போதெல்லாம், "மாசிமா, புஜோய் சேலே ஆஷ்பே நா?" என்று கேட்கிறாள். நவராத்திரியில் வருகிற பூஜைக்கு மகன் வரமாட்டானா என்று அவள் கேட்பது அன்பால்தான். நானும் வருவான் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் தமிழ்த் திருப்பலிக்கு வருகிறவர்கள் படிக்கும் மாத இதழுக்குக் கொடுக்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ கேள்வி கேட்டது நான் ஊருக்குச் சொன்ன ஒன்றைப் பற்றி. எல்லார் முன்னாலும் சொன்னதைத் தனியாக உன் காதில் மட்டும் திருத்துவது நேர்மையாகாது.

அன்று நான் அழைத்தது ஒரே ஒரு செய்தி சொல்லத்தான். பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆண்டு நினைவுத் திருப்பலி, பத்து மணிக்கு வந்துவிடு என்றேன். பிறகு, "அம்மா, அன்னைக்கும் எந்திரிச்சு நின்னு அந்தக் கதையச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாய். எந்தக் கதை என்றேன். "அதான், அப்பா சந்தோஷமாப் போனாருங்கிற கதை. அதைச் சொல்லுவீங்கன்னா நான் வரல." அதற்குப் பிறகுதான் பேச்சு நற்செய்தி நூல்களுக்கு வந்தது. நான்கு பேரும் நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள், மாற்கு உண்மையை எழுதினார், லூக்கா அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார், விசுவாசிகளே இப்படித்தான், சாவைப் பளபளப்பாக்காமல் உங்களால் இருக்க முடியாது என்று பேசிக்கொண்டே போனாய். இயேசுவின் வம்ச வரலாற்றில் தொடங்கி யூதாசு எப்படிச் செத்தான் என்பது வரை ஒன்றையும் விடவில்லை. கடைசியாக அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாய். அதற்கு நான் பிறகு வருகிறேன். அவசரப்பட்டு அதற்குப் போனால் மற்றவற்றுக்குப் பதில் சொல்லாமல் அழுது தப்பித்துக்கொண்டேன் என்று நீ நினைப்பாய்.

முதலில் ஒரு திருத்தம். யூதாசு தலைகீழாக விழுந்து உடல் வெடித்துச் செத்தான் என்பது நற்செய்தியில் இல்லை. அது அவற்றுக்கு அடுத்த நூலான திருத்தூதர் பணிகளில் இருக்கிறது. மத்தேயுவில் அவன் தூக்குப் போட்டுக்கொள்கிறான். நீ இணையத்தில் யாரோ எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுகிறாய், மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை. என் மகன் எதிர்த்து வாதிடுவதில் எனக்கு வருத்தமில்லை. படிக்காமல் வாதிடுவதில்தான் வருத்தம். கான்வென்ட்டில் எங்களுக்கு இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தூக்குப் போட்டான், கயிறு அறுந்தது, கீழே விழுந்தான் என்று. பரீட்சையில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது அது எனக்குப் போதவில்லை. கயிறு அறுந்ததாக யாரும் எழுதவில்லை. இரண்டு கதைகளையும் தைப்பதற்காக நாமே திரித்துக்கொண்ட கயிறு அது. அவன் எப்படியோ கேவலமாகச் செத்தான், அவன் வாங்கிய காசில் ஒரு நிலம் வந்தது, அந்த நிலத்தில் ரத்தத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது வரை இருவரும் ஒத்துப்போகிறார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

வம்ச வரலாறு இரண்டும் வேறு வேறு என்றாய். ஆமாம், வேறுதான். ஒன்று யோசேப்பின் வழி, இன்னொன்று மரியாவின் வழி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் லூக்கா யோசேப்பு என்றுதான் எழுதியிருக்கிறார், நான் மரியா என்று வாசிக்க மாட்டேன். என்னைப் பெண் கேட்டு உன் அப்பா வீட்டார் தூத்துக்குடிக்கு வந்தபோது நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? உன் தாத்தா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தங்கள் குடும்பத்தில் யார் யார் கோயில் கட்டக் கல் கொடுத்தார்கள், யார் குருவானார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடன்பட்டு இலங்கைக்கு ஓடிப்போன அவருடைய சொந்த அண்ணனை அந்த வரிசையில் காணோம். பக்கத்தில் இருந்த உன் அத்தை மட்டும் என் அம்மாவிடம் மெதுவாக, "அந்த ஓடிப்போன பெரியப்பாதான் எங்கள எல்லாம் படிக்க வச்சாரு" என்றாள். இருவர் சொன்னதும் ஒரே குடும்பம்தான். யாரிடம் எதற்காகச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர்கள் உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன. மத்தேயு தன் யூத மக்களுக்குச் சொல்கிறார், ஆகவே ஆபிரகாமில் தொடங்குகிறார். ஆனால் உன் தாத்தாவைப் போல மறைக்கவில்லை. வேறு யாரும் சொல்லக் கூசுகிற நான்கு பெண்களை நடுவில் கொண்டுவந்து வைக்கிறார். லூக்கா ஆதாம் வரைக்கும் போகிறார், எல்லாரும் உறவு என்று சொல்வதற்காக. பெயர்கள் ஏன் பொருந்தவில்லை என்பதற்கு இது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் என் பதில் இதுதான்.

கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், வானதூதர் ஒருவரா இருவரா என்று கேட்டாய். யோவானில் மகதலா மரியா தனியாகப் போகிறாள், மற்றவர்களில் கூட ஆள் இருக்கிறது என்றாய். திரும்பி ஓடிவந்து அவள் சீடர்களிடம் என்ன சொல்கிறாள் என்று படித்துப் பார். அவரை எங்கே வைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை என்கிறாள். எனக்கு என்று சொல்லவில்லை. கூட யாரோ இருந்திருக்கிறார்கள். யோவானுக்கு அந்த ஒருத்தியின் முகம்தான் தெரிந்தது. உன் அப்பா இறந்த அன்று வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று இன்று என்னைக் கேட்டால் நானும் அப்படித்தான் சொல்வேன். படி நிறைய ஆள் நின்றதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கீழ்வீட்டு பௌதி ஒருத்தியைத்தான் நினைவிருக்கிறது, அவள் என் தலைமுடியைச் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

பதில் இல்லாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தையை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று கேட்ட ஒருவனிடம், இறந்தவர்களை இறந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீ வா என்று இயேசு சொல்கிறார். இதை நீ கேட்டபோது உன் குரல் மாறியது, நான் கவனித்தேன். அந்த மனிதனின் தந்தை அப்போது சாகவே இல்லை, அது ஒரு பேச்சு வழக்கு என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ரொம்ப வசதியான விளக்கமாகப் படுகிறது. உன் அப்பாவின் பெட்டியை நீ தோளில் சுமந்ததைப் பார்த்த கண்ணால் அந்த வரியை என்னால் படிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசகத்தில் அது வந்தால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன். எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது என்று உன்னிடம் யாராவது சொன்னால் நம்பாதே, அது உன் அம்மாவாக இருந்தாலும். விடை இல்லாத வரியை அழித்துவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்.

இப்போது கடைசி வார்த்தைக்கு வருகிறேன். நீ இந்தக் கேள்வியை முதலில் கேட்டது போன மாதம் அல்ல, பத்தாம் வகுப்பில் இருந்தபோது. அப்போது நாம் கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். குருத்து ஞாயிறு அன்று பாடுகளின் வாசகத்தை ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துப் படிப்போமே, அதில் கதையைச் சொல்லும் குரல் எப்போதும் நான். இயேசுவின் சொற்கள் சாமியாருக்கு. பேதுரு, பிலாத்து, நூற்றுவர் தலைவர், போகிறவன் வருகிறவன் எல்லாம் உன் அப்பா. சிலுவையில் அறையும் என்று சபை முழுவதும் கத்த வேண்டிய இடத்தில் மட்டும் உன் அப்பா வாயை அசைப்பார், சத்தம் வராது. வருடத்துக்கு ஒரு நற்செய்தி என்ற முறையில் அந்த வருடம் மாற்கு. நகல் எடுத்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி அடுக்கிக் குத்தியது நான். இரண்டு வருடத்துக்கு முந்தின லூக்காவின் கடைசித் தாள் ஒன்று என்னுடைய தாள்களுக்குள் சேர்ந்துவிட்டது. கோயிலில் கடைசித் தாள் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. இயேசு உரத்த குரலில் கத்தினார் என்று நான் லூக்காவைப் படித்தேன். சாமியார் தன் தாளில் இருந்த மாற்குவின்படி, என்னை ஏன் கைவிட்டீர் என்று கேட்டார். உடனே நான் லூக்காவின்படி, இதைச் சொல்லிவிட்டு உயிர்விட்டார் என்று முடித்துவிட்டேன். எலியாவைக் கூப்பிடுகிறான் என்று சொல்ல வேண்டிய உன் அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். உயிர்விட்டார் என்று கேட்டதும் வழக்கம்போல் சபை முழங்காலில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரால் என்ன செய்ய முடியும்.

வீட்டுக்கு வரும் பேருந்தில் அப்பா, "என் வசனத்த முழுங்கிட்டியே பிள்ள" என்று சிரித்தார். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. நீதான் இரண்டு தாள்களையும் என் பையிலிருந்து எடுத்து மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். லூக்காவின் தாளில் இயேசு, உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன் என்கிறார். அம்மா, ரெண்டும் வேற வேறயா இருக்கே, எது சரி என்று கேட்டாய். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு, கோயில் காரியத்தில் கேள்வி கேட்காதே என்றேன். அப்பாதான், "மூணு மணி நேரம் தொங்குனவரு ரெண்டையும் சொல்லிருக்க மாட்டாராக்கும்?" என்றார். அவர் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்த்தவர், எந்தப் பெட்டியையும் எதோடும் சேர்த்துவிடலாம் என்கிற நம்பிக்கை அவருக்கு. உனக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் போதவில்லை, ஆனால் அதை நான் உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

லூக்கா அந்தக் கதறலை எடுத்துவிட்டார் என்கிறாய். எடுத்துத்தான் இருப்பார். மாற்கு எழுதியதைப் பார்த்துத்தான் அவர் எழுதினார் என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள், நானும் ஏற்கிறேன். அவர் ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. வேறு யாரிடமோ விசாரித்திருக்கலாம், அவர்கள் வேறு ஒன்றைக் கேட்டிருக்கலாம். ஆனால் நீ ஒன்றை மறந்துவிடுகிறாய். பளபளப்பாக்குவதுதான் நோக்கம் என்றால் லூக்கா வந்ததும் மாற்குவை மடித்து உள்ளே வைத்திருக்க வேண்டும். நான்கையும் ஒன்றாகத் தைத்து ஒரே கதையாக்கிக் கொடுத்தவர்கள் ஆதியிலேயே உண்டு. அது எவ்வளவு வசதி, நினைத்துப் பார். கடைசியில் அது நிற்கவில்லை, நான்கும்தான் நின்றன. மாற்கு வருகிற வருடம் குருத்து ஞாயிறு அன்று, என்னை ஏன் கைவிட்டீர் என்று கேட்டுச் சாகிறார். அதே வாரம் வெள்ளிக்கிழமை, அதே கோயிலில், அதே நான் யோவானைப் படிக்கும்போது, எல்லாம் நிறைவேறிவிட்டது என்று சொல்லித் தலைசாய்க்கிறார். நம் கண் முன்னால், மைக்கில், ஒளிவுமறைவு இல்லாமல் இரண்டும் நடக்கிறது. முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நீ சொல்வதை வருடா வருடம் நாங்கள் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதைத்தான் அந்தப் பேருந்தில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்கு இது தெரியாது. உன் அப்பா போன பிறகு, பேச ஆளில்லாத சாயங்காலங்களில் நான்கையும் தனித்தனியாக முதலிலிருந்து கடைசி வரை படித்தபோதுதான் தெரிந்தது.

இனி நம் வீட்டு விஷயம். நம் சனங்களுக்கு நல்ல மரணம் என்றால் எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும். சூசையப்பரிடம் தினமும் அதைத்தான் கேட்கிறோம். ஒருவர் போய்விட்டால், வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, நோயில் பூசுதல் கொடுத்தார்களா, கடைசியில் என்ன சொன்னார் என்பதுதான். நான் சொன்னேன். அடக்கத்தன்று சொன்னேன், முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து தேநீர் கொடுக்கும்போது எழுந்து நின்று சொன்னேன், அவருடைய பிறந்தநாளில் சொன்னேன். பூஜையின் சப்தமி அன்று மாலை சாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போன பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு கொறையும் இல்ல பிள்ள. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. மாலையில் சொன்னார் என்றுதான் சொன்னேன், கடைசி மூச்சில் சொன்னார் என்று சொல்லவில்லை. கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

மறுநாள் காலை நீ வந்து எனக்குப் பதிலாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று நீதான் சொன்னாய். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப வேண்டாமென்று சொல்லாமல் கிளம்பினேன். திரும்பி வரும்போது அஷ்டமிக் கூட்டம். மூங்கில் கட்டி ரோட்டை மறித்திருந்தார்கள், புதுப்புடவையும் பூவுமாகப் பந்தலுக்கு அஞ்சலி செலுத்தப் போகிறவர்கள் தெருவை நிறைத்துக்கொண்டு நின்றார்கள். "ஹோபே நா, மாசிமா" என்று டாக்சிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். இனி நகராது என்று தெரிந்ததும் இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் டாக் மேளம். உன் அழைப்பு அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் வார்டுக்குள் வந்தபோது போர்வையை முகம் வரை இழுத்திருந்தார்கள்.

போன மாதம் தொலைபேசியின் முடிவில் நீ சொன்னாய்: "அப்பா ஒண்ணும் சமாதானமாப் போகலம்மா. முழிச்சுப் பாத்துட்டு, அவ எங்கல, என்னைய விட்டுட்டுப் போயிட்டாளான்னு கேட்டாரு. மறுபடி மறுபடி அதையேதான் கேட்டாரு. அதுக்கப்புறம் பேசல." சொல்லிவிட்டு நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். நான் நம்பவில்லை என்று நினைத்திருப்பாய். கேட்ட அந்த நொடியே நம்பினேன். எங்கல என்று அவர் உன்னைக் கேட்கும் குரல் அப்படியே எனக்குக் கேட்டது. அதை ஒரு வருடமாக உள்ளே வைத்துக்கொண்டு, நான் எழுந்து நின்று என் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீ கையில் தேநீரோடு சுவரோரமாக நின்றிருக்கிறாய். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருந்தாய் என்று புரிகிறது. பிறகு அந்தப் பாரம் தாங்காமல் வராமலே இருந்துவிட்டாய்.

கைவிட்டாயா என்ற கேள்வியை யாரிடம் கேட்கிறோம்? வரமாட்டார் என்று தெரிந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம் என்று ஒரு நாள் தோன்றியது. ஆனால் மாற்கு அந்தக் கதறலுக்குப் பிறகு ஆறுதலாக எதையும் எழுதவில்லை, வானத்திலிருந்து பதில் வரவில்லை. நானும் அவசரப்பட்டு ஒன்றை எழுதிக்கொள்ள மாட்டேன். அவர் என்னைத் தேடினார், நான் இல்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன், ஒரு ஆளுக்குக் காப்பி போடுகிறேன். மாலையில் சொன்னதும் அவர்தான், காலையில் கேட்டதும் அவர்தான். ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய்யாக்க எனக்கும் உரிமை இல்லை, உனக்கும் இல்லை.

பெண்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதுகிறார்கள். தாயைச் சிலுவையடியில் நிறுத்துகிறவர் யோவான் ஒருவர்தான். நான் என் கதையில் என்னைக் கட்டிலருகில் நிறுத்திக்கொண்டேன். என் இடம் மூங்கில் தடுப்புக்கு வெளியே இருந்தது. கட்டிலருகில் நின்றது நீ. இதை எழுதும்போதுதான், நான் மூன்று முறை சொன்ன கதையில் நீ எங்குமே இல்லை என்பது எனக்கு உறைக்கிறது. அவர் இருக்கிறார், நான் இருக்கிறேன், சாமியார் இருக்கிறார், எண்ணெய்கூட இருக்கிறது. மகன் இல்லை.

அன்று நான் வார்டுக்குள் வந்து உன் கையைப் பிடித்தபோது உன் விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. பக்கத்து மேசையில் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் பஞ்சும் இருந்தன. வாய்வழி ஒன்றும் கொடுக்கக் கூடாது, உதட்டை வேண்டுமானால் நனைக்கலாம் என்று நர்ஸ் முந்தின நாளே சொல்லியிருந்தாள். நீ காலை முழுவதும் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாய். நான் பார்த்தேன், புரிந்துகொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. மகனே, கடைசிச் சொல் எது என்பதில் ஒத்துப்போகாத அந்த நால்வரும் ஒன்றை மட்டும் விடவில்லை. சாகிறவரிடம் யாரோ புளித்த திராட்சை இரசத்தைக் கொண்டுபோகிறார்கள். லூக்காவில் அது கேலி செய்த படைவீரர்களின் கை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாற்குவில் யாரோ ஒருவன் ஓடிப்போய்க் கடற்பஞ்சை நனைத்து நீட்டுகிறான். எதற்காக நீட்டினான் என்பதுகூடத் தெளிவாக இல்லை. ஆனாலும் நால்வர் கதையிலும் அந்தக் கை இருக்கிறது. என் கதையில் மட்டும் இல்லாமல் போயிற்று. சாவைப் பளபளப்பாக்கினேன் என்று நீ சொன்ன குற்றத்துக்கு என்னிடம் மறுப்பு உண்டு. இதற்கு மறுப்பு இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நிற்கப் போவதில்லை. நீ நில். நீ கேட்டதைச் சொல், அப்பா சொன்ன அதே சொற்களில். உன் தமிழ் தடுமாறும், தடுமாறட்டும், நடுவில் வங்காள மொழி வந்தால் வரட்டும். கேட்கிறவர்கள் சங்கடப்படுவார்கள், சிலர் என்னைப் பார்ப்பார்கள். நான் குனியாமல் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு யாராவது கேட்டால், மாலையில் நான் கேட்டதை நான் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டாம். விசுவாசம் உனக்கு இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை, அது உன் காரியம். நற்கருணை வாங்க வராமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குச் சம்மதம்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதை ஊருக்குச் சொல்ல வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும். அவ எங்கல என்று அவர் கேட்டபோது நீ என்ன பதில் சொன்னாய்? அம்மா வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாயா, வேறு ஏதாவது சொன்னாயா, ஒன்றும் சொல்லாமல் உதட்டை மட்டும் நனைத்தாயா? எதுவாக இருந்தாலும் சரி, ஐயா. அவருடைய கேள்வி என்னைப் பற்றியது, பதில் சொல்ல நான் அங்கே இல்லை. நீ சொன்னது எதுவோ, அதுதான் என் பதிலாக அவரிடம் போய்ச் சேர்ந்தது.

அம்மா